குட்டி வாங்குவதற்கு முன்: மகளுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளைக்குச் சேலத்துக்கு மாறுதல் உறுதியாகிவிட்டது என்றும், அழகாபுரத்தில் பார்த்த தனிவீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றும் நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதோடு சேர்த்து நீ கேட்ட இன்னொரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். புது வீட்டுக்குப் போனதும் நம் வீட்டு ஜூலியைப் போலவே ஒரு காக்கர் ஸ்பேனியல் குட்டி வாங்க வேண்டும் என்று பேரன் ஒற்றைக்காலில் நிற்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். தொலைபேசியில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற காரியமாக எனக்கு அது படவில்லை. மாப்பிள்ளையும் உன் அத்தையும் நிதானமாகப் படித்துப் பார்த்து, எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த முடிவில் முதல் சம்மதம் சம்பந்தியம்மாவுடையதாக இருக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான். அதன் பிறகு மாலைவரை அந்தக் குட்டி அவர்களோடுதான் இருக்கப்போகிறது. வீட்டுக்குள் நாய் நடமாடுவதை அவர்கள் விரும்பவில்லை என்றால் அது அவர்கள் வளர்ந்த முறை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பேரன் ஆசைப்படுகிறானே என்று மனமில்லாமல் தலையாட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. தனியாக உட்கார்ந்து பதமாகக் கேட்டுப் பார். சமையலறை வாசலில் நாய் படுத்திருந்தால் பரவாயில்லையா, பூஜை அறைக்குள் வராதபடி பழக்கினால் போதுமா, காலைச் சுற்றிக்கொண்டே வருகிற நாயால் தடுக்கி விழும் பயம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பேச்சை அத்தோடு விட்டுவிடு. பேரனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்பேனியல் தனிமை தாங்காத நாய். ராஜபாளையம், கோம்பை என்று நம் நாட்டு நாய்களை வளர்த்த வீடுகளை நீ பார்த்திருக்கிறாய். வாசலைப் பார்த்துக்கொண்டு, தன் போக்கில் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவை பொழுதைக் கழித்துவிடும். காக்கர் ஸ்பேனியலோ, இங்கிலாந்தில் அடர்ந்த புதருக்குள் பதுங்கியிருக்கும் உள்ளான் வகைப் பறவைகளை மோப்பம் பிடித்து எழுப்பிவிடுவதற்காகப் பழக்கப்பட்டது. துப்பாக்கியோடு நிற்கும் மனிதனிடமிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால் போகாமல், திரும்பித் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற நாய்தான் அந்த வேட்டைக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. அப்படிப்பட்டவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து, 1890-களில் தனி இனமாகப் பதிவும் செய்தார்கள். மனிதனை விட்டு விலகாத குணம் அதன் ரத்தத்தில் அப்படித்தான் ஊறியது. அம்மா அறைக்கு அறை போகும்போது ஜூலி பின்னாலேயே எழுந்து எழுந்து போவதைப் பார்த்து நீ சிரிப்பாய் அல்லவா, அந்தப் பழக்கத்தை நம் வீட்டில் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட நாயைக் கொல்லைப்புறத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டாலோ, நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போனாலோ அது ஊளையிடும், கதவைப் பிறாண்டும், தன் முன்னங்காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். வளர்ந்த நாயை மூன்று நான்கு மணி நேரம் தனியே விடப் பழக்கலாம். குட்டிக்கு அதுவும் அதிகம்.

அடுத்து, வேலை. எல்லோரும் செலவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது கைகள். ஸ்பேனியலுக்குத் தினமும் கால் மணி நேரமாவது ஒரே ஆளின் கை, காது நுனியிலிருந்து கால் விரல் இடுக்குவரை தடவிப் பார்க்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் உண்ணி அகப்படும், முடிச்சு தட்டுப்படும், காதில் புதிதாக ஒரு வாடை தெரியும், வயிற்றில் நேற்று இல்லாத ஒரு கட்டி இன்று இருப்பது விரலுக்குப் புலப்படும். தொங்கு காதும் அடர்ந்த முடியும் உள்ள நாயின் உடம்பில் நோய் வெளியே தெரிவதற்குள் பாதி முற்றிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டில் அந்தக் கை அம்மாவுடையது. மாலையில் காப்பி குடித்த பிறகு திண்ணையில் அம்மா உட்கார்ந்ததும், யாரும் கூப்பிடாமலே ஜூலி வந்து மடியில் தாடையை வைத்துவிடுவாள். உங்கள் வீட்டில் அந்தக் கை யாருடையது என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு மாப்பிள்ளை என்று முறைவைத்தால் நடுவில் ஒருவர் மறப்பார்.

காதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இனத்தை மருத்துவரிடம் அதிகமாக அழைத்துப்போக வைப்பது அதுதான். நாயின் காதுத் துளை முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு உட்பக்கமாகத் திரும்புகிறது. உள்ளே போன ஈரம் தானாக வெளியே வர வழியில்லை. ஸ்பேனியலுக்கு அதன்மேல் கனமான மடல் ஒன்று மூடிபோல் தொங்குகிறது, மடலின் உட்புறத்திலும் முடி. காற்றுப் புகாத அந்த வெதுவெதுப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் பெருகும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே மூடுபனி இறங்கி, துணி மூன்று நாளானாலும் காயாத காலத்தில் ஜூலியின் காதை வாரம் இருமுறை பார்ப்போம். சேலத்தின் வறட்சியில் வாரம் ஒருமுறையும், குளிப்பாட்டிய பிறகும் பார்த்தால் போதும். ஆரோக்கியமான காதுக்கு வாடை இருக்காது, உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். புளித்த மாவு வாடை வந்தாலோ, பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான அழுக்கு சேர்ந்தாலோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உதறிக்கொண்டே இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஓயாமல் உதறுவதால் காது மடலுக்குள்ளேயே ரத்தக் குழாய் உடைந்து மடல் உப்பிக்கொள்வதும் உண்டு.

சுத்தம் செய்யும் முறையை அம்மாவிடம் பழகிக்கொள். மருத்துவர் தரும் காது கழுவும் மருந்தைத் துளை நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெல்லப் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் மருந்து திருப்பத்தைத் தாண்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் ஜூலி கண்ணைச் சொருகிக்கொண்டு ஒரு பின்னங்காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு கையை எடுத்தால் அவளே தலையை உதறி அழுக்கை மேலே கொண்டுவந்துவிடுவாள். வெளியே தெரிவதை மட்டும் பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். பட்ஸ் குச்சியை மட்டும் காதுக்குள் விடவே கூடாது, அது அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். தட்டில் சோறு வைத்தால் இரண்டு காதும் சோற்றில் புரளும் என்பதால், வாய் குறுகலான, கொஞ்சம் உயரமான கிண்ணத்தில் வை. அம்மா ஒரு பழைய காலுறையின் பாதப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குழலைத் தலையில் மாட்டிக் காதுகளைப் பின்னால் ஒதுக்கித்தான் ஜூலிக்குச் சோறு வைக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

முடிக்கு, மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள ஒரு ஸ்லிக்கர் பிரஷ்ஷும் ஓர் இரும்புச் சீப்பும் போதும். காதுக்குப் பின்னால், அக்குளில், பின்னங்காலில் இறகுபோல் தொங்கும் முடியில், விரல் இடுக்கில் சிக்கு விழும். விழுந்த அன்றே விரலால் பிரித்துவிட்டால் சீப்பு எளிதாக ஓடும், நான்கு நாள் விட்டால் தோலோடு ஒட்டிக் கட்டியாகிவிடும், அப்புறம் கத்தரிதான். இங்கே காப்பித் தோட்டத்து ஓரத்தில் நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் ஜூலியின் மார்பு முழுக்க ஒட்டிக்கொண்டு வரும். அழகாபுரத்தில் காலி மனைகள் இருக்கின்றன, அங்கேயும் அது உண்டு. புல்லின் கூர்முனை விரல் இடுக்கில் குத்தி உள்ளே நகர்ந்து சீழ் பிடிக்கும் என்பதால், வெளியே போய்வந்ததும் பாதங்களைப் பார்ப்பதைப் பேரனுடைய வேலையாகவே வைத்துவிடு. வெயில் காலம் வந்துவிட்டதே என்று மொட்டையடித்துவிடாதே. அந்த முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது, மொட்டையடித்தால் மறுபடி வளர்வது பஞ்சுபோலாகிச் சிக்கு இன்னும் அதிகமாகும். வயிற்றுப் பக்கமும் பாதங்களிலும் குறைத்துவிட்டால் போதும். குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாய்க்கென்றே உள்ள ஷாம்பூவில்.

உண்ணி விஷயத்தில் நம் ஊரில் யாரும் அசட்டையாக இருக்க முடியாது. உண்ணிக் காய்ச்சல் ரத்த அணுக்களைத் தாக்குகிறது. விளையாடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று சோற்றைத் தொடாது, உடம்பு கொதிக்கும், ஈறுகள் வெளுத்துப்போகும், சிலவற்றுக்கு மூக்கிலிருந்து ரத்தமும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எர்லிக்கியா என்ற கிருமியால் வந்த வகையாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். நான்காம் நாளே நாய் துள்ள ஆரம்பித்துவிடும், அப்போது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உண்ணி வராமல் தடுக்கும் மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுத்துக்கொண்டே, காது மடல், கழுத்துப் பட்டையின் அடி, விரல் இடுக்கு ஆகிய மூன்று இடங்களையும் தினமும் தடவிப் பார்.

தடுப்பூசிக்கு நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆறு எட்டு வார வயதில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசி, அதன் மறு ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு ஆண்டுதோறும். மறு ஊசிகள் முடிகிறவரை பிற நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை இறக்காதே. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இரண்டே நாளில் கைவிட்டுப் போய்விடும். பெண் குட்டியாக இருந்து, இனப்பெருக்கம் செய்யும் எண்ணமில்லை என்றால் தகுந்த வயதில் கருத்தடை செய்துவிடு. செய்யாத நாய்களுக்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிப்பது உயிரையே எடுத்துவிடும்.

சாப்பாட்டில் உன் அத்தையையும் பேரனையும்தான் எச்சரிக்க வேண்டியிருக்கும். காக்கர் பார்க்கிற பார்வைக்கு யாருடைய மனமும் இளகிவிடும், அந்த இளக்கம்தான் அதைக் குண்டாக்கிவிடுகிறது. இங்கிலீஷ் காக்கர் வளர்ந்த பிறகு 13, 14 கிலோ இருக்கும். விலாவைத் தடவினால் எலும்பு லேசாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அளவைக் குறைத்துவிடு. நாம் ஜூலிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, சோறு, கேரட், கொஞ்சம் பாக்கெட் தீனி என்று கலந்து கொடுக்கிறோம். மிஞ்சிய சாம்பார் சோறும் பிரியாணியும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாயசத்தில் போடுகிற உலர் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். சாக்லேட்டும், சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் ஆபத்து. இங்கே களத்தில் காப்பிப் பழம் காயும் மாதங்களில் ஜூலியை அந்தப் பக்கம் அவிழ்த்துவிட மாட்டோம். காஃபின் நாயின் இதயத்தைப் படபடக்க வைத்து வலிப்பில் கொண்டுபோய் விடும். உங்கள் வீட்டில் களம் இருக்காது, ஆனால் ஃபில்டரில் மிஞ்சும் காப்பித்தூள் சக்கையை ரோஜாத் தொட்டியில் கொட்டும் பழக்கம் உன் அத்தைக்கு உண்டு, அந்த வாசனைக்கு அதை நாய் தின்றுவிடும். மாம்பழக் காலத்தில் கொட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடிவிடுங்கள். சப்பிப் போட்ட மல்கோவாக் கொட்டையை முழுங்கிய நாய்க்குக் குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது சேலத்து வெயில். ஜூலி வளர்ந்தது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் நிழலில். கீழே சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். ஆகவே பங்குனியிலிருந்து ஆடி வரை நடைப்பயிற்சி விடிகாலையிலும் இரவு எட்டு மணிக்கு மேலும்தான் இருக்க வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார், உன் கை தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. மூச்சிரைப்பு அடங்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் உடனே உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியடியில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் குட்டியை எங்களிடம் கொண்டுவந்து விட்டுவிடு, பேரனுக்கும் அப்போது விடுமுறைதானே. மலையேறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் குட்டிக்குக் குமட்டும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

பேரனைப் பற்றி இரண்டு சங்கதி. ஸ்பேனியல் குழந்தைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அதே நேரம், சில காக்கர்கள் கையில் அகப்பட்ட பொருளைக் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உறுமும். அப்போது பிடுங்கினால் கடி விழும். அடுத்த முறை உறுமல்கூட இல்லாமல் கடிக்கும். குட்டியாக வந்த நாளிலிருந்தே, ஒரு துண்டுக் கோழிக்கறியை நீட்டி, வாயில் இருப்பதைத் தானாக விடவைத்து, முடிந்தால் அந்தப் பொருளையே மறுபடி அதனிடம் கொடுத்துப் பழக்குங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடக் கூடாது, காதைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது பேரனுக்குச் சட்டமாக இருக்கட்டும். இன்னொன்று, இது மனம் மென்மையான நாய். நீ வேலை முடிந்து வந்ததும் சந்தோஷத்தில் குட்டி தரையிலேயே சிறுநீர் விட்டுவிடும். அதட்டாதே, அதட்டினால் பயத்திலும் விடும், பழக்கம் நிலைத்துவிடும். பேசாமல் துடைத்துவிட்டு, அது அடங்கிய பிறகு தடவிக்கொடு. வளர வளர நின்றுவிடும். ஓடியாடுவதோடு மூக்குக்கும் வேலை கொடுத்தால்தான் அது களைத்துத் தூங்கும். பேரன் ஒரு சின்னக் கறித்துண்டை ஒரு துவாலைக்குள் சுருட்டி ஒளித்துவைத்து, தேடு என்று சொல்லட்டும். மழைநாளில் இருவருக்கும் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

இனி, தொலைபேசியில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. ஜூலிக்குப் பத்து வயது கடந்துவிட்டது, அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. முதலில் அம்மாதான் கவனித்தாள். பகலில் தாவி இறங்குகிற அதே மூன்று படியில், விளக்கு வைக்கும் நேரமானால் ஜூலி நின்றுவிடுவாள். முன்னங்காலை நீட்டி, படியின் விளிம்பைத் தடவி, அது இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் உடம்பை இறக்குவாள். டார்ச் அடித்தால் கண்மணிகள் முன்னைவிட அகலமாக விரிந்து, பச்சையாக மின்னின. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். விழித்திரை படிப்படியாகத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய், சுருக்கமாகப் பி.ஆர்.ஏ. என்கிறார்கள். முதலில் இரவுப் பார்வையும் பிறகு பகல் பார்வையும் போய்விடும். வலி இருக்காது, ஆனால் திருப்பிக் கொண்டுவர மருந்தும் கிடையாது.

கேட்டுவிட்டு நீ அழாதே. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். வீட்டில் நாற்காலி, கட்டில் எதையும் இடம் மாற்றுவதில்லை. படிகளின் முன்னால் ஒரு சணல் மிதியடி போட்டிருக்கிறோம், கால் அதில் பட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். தோட்டத்தில் காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் இப்போது சங்கிலி இல்லாமல் வெளியே விடுவதே இல்லை. ஆனால் புதருக்குள் காட்டுக்கோழி இருந்தால் இன்றைக்கும் அவளுக்குத்தான் முதலில் தெரிகிறது. வால் சுழலுகிற வேகத்திலேயே நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இதை உன்னிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நோயை உண்டாக்கும் மரபணு, தாய் தந்தை இரண்டிலும் ஒரு பிரதி மறைந்திருந்தால் போதும்; இரண்டும் கண் நன்றாகத் தெரிகிற நாய்களாகவே இருக்கும், அவற்றின் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்குப் பார்வை போய்விடும். அந்த மரபணு இருக்கிறதா என்று டி.என்.ஏ. பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஜூலியின் பெற்றோரை நாங்கள் பார்த்ததில்லை. நீ பார்க்காமல் வாங்காதே. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்று இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். அது வம்சத்தைச் சொல்லுமே தவிரக் கண்ணைப் பற்றிச் சொல்லாது. பெற்றோரில் ஒன்றாவது அந்த மரபணு அறவே இல்லாதது என்று பரிசோதனைச் சான்று இருந்தால்தான் பேச்சை மேலே எடுத்துச் செல். தாய் நாய் எங்கே படுக்கிறது, ஆள் வந்தால் பதுங்குகிறதா அல்லது வாலாட்டிக்கொண்டு வருகிறதா என்று போய்ப் பார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. முன்னதாகவே கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதே. காக்கரில் இங்கிலீஷ், அமெரிக்கன் என்று இரண்டு வகை உண்டு. அமெரிக்கன் காக்கரின் நீண்ட முடி பார்க்க அழகுதான், ஆனால் சேலத்துக்கு இங்கிலீஷ் காக்கரே சுலபம். வால் வெட்டிய குட்டியும் வேண்டாம். சந்தோஷத்தைக் காட்ட அதற்கு இருப்பது அந்த வால்தான். ஏற்காடு கோடை விழாவில் நாய்கள் கண்காட்சி நடக்கும்போது ஸ்பேனியல் வளர்ப்பவர்கள் சிலர் வருவார்கள். அவர்களிடம் பேசினால் எங்கே நல்ல குட்டி கிடைக்கும் என்பது விளம்பரங்களைவிட நன்றாகத் தெரியும்.

வீடு மாறிய மறுநாளே குட்டி வர வேண்டாம். சாமான் இறக்கி, பையன் புதுப் பள்ளிக்கூடத்தில் பழகி, உன் அத்தைக்கு வீடு பிடிபட்டு, அதன் பிறகு பார்க்கலாம். காலாண்டு விடுமுறையில் பேரனை மட்டும் இங்கே அனுப்பிவை. காது கழுவுவது, சிக்கு எடுப்பது, பாதம் பார்ப்பது எல்லாவற்றையும் ஜூலியிடமே அம்மா கற்றுக்கொடுப்பாள். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் நாங்கள் சொல்லாமலே அவன் சீப்பை எடுத்துக்கொண்டு உட்காருகிறானா என்று பார்த்து உனக்கு எழுதுகிறேன். அதற்குள் பெற்றோர் நாய்களின் பரிசோதனைச் சான்று எதுவும் கைக்கு வந்தால் படம் எடுத்து அனுப்பு, இங்குள்ள மருத்துவரிடம் காட்டி விசாரித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் வணக்கம். பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா